நடமாடும் பட்டறை கண்ட கிராம்ப்டன்

தென்காசியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கிராம்ப்டன் என்னும் பெயரைக் கேளாத இல்லம் அரிது. வீட்டு விசிறியின் நடுவிலும், தோட்டக் கிணற்றுத் தண்ணீர் மோட்டாரின் நெற்றியிலும் அப்பெயர் பொறிக்கப்பட்டிருத்தலை யாவரும் கண்டிருப்பர். அஃது ஒரு கம்பெனியின் பெயர் என்பதோடு பலர் அமைந்து விடுகின்றனர். அப்பெயரையுடையார் ஒருவர் இருந்தார் என்பதும், அவர் தம் இளமையின் சிறந்த பகுதியை இந்தியாவிலேயே கழித்தார் என்பதும், மின்சாரத்தைக் கைக்கொள்வதற்கு முன்னர் நீராவி யந்திரத்தைச் சாலையில் ஓட்டி, பட்டறையையும் உடன்கொண்டு திரிந்தார் என்பதும் அறிந்தோர் சிலரே. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவல்.

அதற்கு முன் நடமாடும் பட்டறையின் தேவை யாதெனச் சிறிது கூறுதல் நலம். பழுதுற்ற பொருளைப் பட்டறைக்குக் கொண்டு செல்வதே உலக வழக்கு. கலப்பைக் கொழுவைத் தோளில் வைத்துக் கொல்லன் உலைக்குச் சென்றுவிடலாம். வயற்சேற்றில் அச்சு முறிந்து நிற்கும் அறுவடை யந்திரத்தை எவ்வாறு கொண்டு செல்வது? மரம் அறுக்கும் ஆலையின் பெரும் மேடையை யார் பெயர்த்தெடுப்பர்? குற்றாலத்தில் சாரல் தொடங்கி மக்கள் திரளாக வந்து குவியும் காலத்தில், கடையொன்றின் இரும்புக் கூரை முறிந்தால் அதனை அங்கேயே ஒட்டவைத்தாக வேண்டும். இத்தகைய வேளைகளில், டிராக்டரின் பின்னே பூட்டிய வண்டியொன்றில் டீசல் யந்திரத்தையும், அதனால் இயங்கும் மின்னாக்கியையும், வெல்டிங் கருவியையும் ஏற்றி இழுத்து வருவர். ஒரே யந்திரம், அதனின்று பற்றவைக்கும் நெருப்பும் பிறக்கும், துளையிடும் கருவியும் சுழலும், இரவாயின் விளக்கும் எரியும். எளிய காட்சிதான். ஆயினும், தொழிலாளி யந்திரத்தைத் தேடிச் செல்லாமல் யந்திரமே தொழிலைத் தேடி வரவேண்டும் என்னும் இக்கருத்திற்காக ஒருவர் தம் வாழ்நாளில் மும்முறை முயன்றார். மும்முறையும் உலகம் வேறு வழியிற் சென்றது.

ரூக்ஸ் ஈவ்லின் பெல் கிராம்ப்டன் இங்கிலாந்தின் வடபால் உள்ள யார்க்ஷயர் நாட்டில், தர்ஸ்க் என்னும் ஊரையடுத்த சயன் ஹில் மனையில் 1845ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் பிறந்தார். செல்வக் குடும்பம், குறையொன்றுமில்லை. 1851இல் லண்டன் மாநகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிக்கு ஆறு வயதுச் சிறுவராகச் சென்றபோது, அவர் உள்ளத்தைக் கவர்ந்தவை யந்திரங்களே. கிரிமியாப் போர் முடியுங்காலத்தில், பதினொரு வயதும் நிரம்பாத நிலையில், டிராகன் என்னும் போர்க்கப்பலில் அந்நாட்டிற்குப் போய்வந்தார். பின்னர் ஹாரோ என்னும் பெயர்பெற்ற பள்ளியிற் பயின்றார். அப்பள்ளியில் இலத்தீனும் கிரேக்கமுமே பெருங்கல்வி. கிராம்ப்டனோ விடுமுறை நாள்களில் வீடு சென்று, சாலையில் ஓடத்தக்க முழு அளவுள்ள நீராவி வண்டியொன்றைத் தம் கையாலேயே கட்டத் தொடங்கினார். அதற்குப் புளூபெல் என்று பெயரிட்டார். மொழிநூல் மாணவனாகிய யான் இதனை எழுதுங்கால் சிறிது நாணுகின்றேன். எனினும் உண்மையை மறைத்தல் கூடாது. அவர்க்குப் பள்ளி தந்த கல்வியினும் அப்பட்டறை தந்த கல்வியே பெரிது.

1864இல் ரைபிள் பிரிகேட் என்னும் படையில் அதிகாரியாகச் சேர்ந்து இந்தியாவிற்கு வந்தார். படைத்தொழிலில் அவர்க்குப் பெரும் பற்று இருந்ததாகத் தோன்றவில்லை. படையினர் முகாம் பெயருந்தோறும் கருவிகளும் பெயர்ந்து செல்லுமாறு நடமாடும் பட்டறை அமைத்துக்கொண்டமையே அவர் இந்நாட்டிற் செய்த முதற் செயல். ஏனைய அதிகாரிகள் வேட்டைத் துப்பாக்கியும் குதிரையும் கொண்டு சென்ற சாலையில் இவருடைய இரும்புக் கருவிகள் சென்றன.

தொழிலை உடன்கொண்டு திரிதல் நமக்குப் புதிதன்று. கூடாரம் செய்யும் கைத்தொழிலையுடைய பவுல் அப்போஸ்தலர், கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் என்போருடன் தங்கி அத்தொழிலைச் செய்ததை அறிவோம். நம் ஜில்லாவிலேயே ராக்லண்டு ஐயர் 1854 முதல் வட திருநெல்வேலிச் சிற்றூர்களிற் கூடாரமடித்து இடம்விட்டு இடம் பெயர்ந்து ஊழியம் செய்தார். ஊசியும் நூலும் ஒரு பையில் அடங்கும். கூடாரம் ஒரு வண்டியில் அடங்கும். ஆனால் லேத் என்னும் கடைசல் யந்திரமும், துளைபோடும் யந்திரமும், சாணைக்கல்லும், உலைத் துருத்தியும் ஒருங்கே இயங்கவேண்டுமாயின் அவற்றை ஆட்டுதற்கு வலிமை வேண்டும். அவ்வலிமை எங்கிருந்து வரும்? இவ்வினாவே கிராம்ப்டனை நீராவியின்பால் மேலும் ஈர்த்தது போலும்.

அக்காலத்துப் பட்டறையின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் அவர்தம் இடர்ப்பாடும் விளங்கும். ஒரு யந்திரத்தின் பெருஞ்சக்கரத்திலிருந்து தோல்வார் ஒன்று மேலே உள்ள நீண்ட இரும்புத் தண்டிற்குச் செல்லும். அத்தண்டில் வெவ்வேறு அளவுள்ள கப்பிகள் கோத்திருக்கும். ஒவ்வொரு கப்பியினின்றும் ஒவ்வொரு வார் இறங்கி ஒவ்வொரு கருவியைச் சுழற்றும். 24 அங்குலக் கப்பி நிமிடத்திற்கு 150 முறை சுழலுமாயின், அதனோடு வாரால் பிணைத்த 12 அங்குலக் கப்பி 300 முறை சுழலும். இங்ஙனம் ஒரே யந்திரத்தினின்று மெல்லச் சுழலும் லேத்திற்கும் விரைந்து சுழலும் சாணைக்கும் தக்க வேகத்தைப் பகிர்ந்தளிக்கலாம். ஒரு கருவியை நிறுத்த வேண்டுமானால், அதன் வாரைத் தண்டோடு சேராமல் வெறுமே சுழலும் பக்கத்துக் கப்பிக்குத் தள்ளிவிட்டாற் போதும். குறைகளும் உண்டு. லேத்தில் ஒருவன் ஆழமாக வெட்டினால் யந்திரம் தளர்ந்து, பக்கத்தில் துளையிடுபவனுடைய கருவியும் தளரும். எல்லாவற்றையும் ஒரே நொடியில் தொடங்கல் ஆகாது. யாவற்றினும் பெருங்குறை, வார் எட்டும் தொலைவிற்குள்ளேயே கருவிகள் இருந்தாக வேண்டும் என்பது. வண்டி நின்ற இடத்தினின்று இருபது முழத்திற்கு அப்பால் பழுதுற்ற பாலம் இருப்பின் அவ்வாரால் பயனில்லை. இதனை நினைவிற் கொள்க. கிராம்ப்டன் மின்சாரத்திற்கு மாறியதன் பொருள் இதனால் தெளிவுறும்.

வட இந்தியச் சாலைகளில் அக்காலத்தில் சரக்குகளையும் படைப்பொருள்களையும் சுமந்தவை மாட்டுவண்டித் தொடர்களே. அவற்றின் மந்தமான செலவைக் கண்ட கிராம்ப்டன், நீராவி யந்திரம் பூட்டிய வண்டித்தொடரைச் சாலையில் ஓட்டலாம் என்று அரசினர்க்கு எடுத்துரைத்தார். அப்போது வைசிராயாக இருந்த மேயோ பிரபு அதற்கு ஆதரவு காட்டினார். எடின்பரோ நகரத்து ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்பவர், சக்கரத்திற்குத் திண்ணிய ரப்பர் வளையம் பூட்டிய நீராவி வண்டியை 1867இல் ஆக்கியிருந்தார். காற்றடைத்த டயரை 1845லேயே கண்டுபிடித்துப் பதிவு செய்தவரும் இவரே. டன்லப் பெயர் அதற்குப் பல்லாண்டு பிற்பட்டது. இரும்புச் சக்கரம் மண்சாலையை உழுதுவிடும். ரப்பர்ச் சக்கரமோ சாலையைப் பற்றிக்கொண்டு செல்லும். ஆகவே தாம்ஸனுடைய முறையில் யந்திரங்கள் செய்வித்துக்கொண்டு வருமாறு கிராம்ப்டன் இங்கிலாந்திற்கு அனுப்பப்பட்டார்.

இப்ஸ்விச் நகரத்து ரான்ஸம்ஸ் தொழிற்சாலையில் அவை உருவாயின. பஞ்சாப் நதிகளின் பெயர்களாகிய சீனாப், ராவி முதலியன அவற்றிற்குச் சூட்டப்பட்டன. முதல் யந்திரத்தின் கொதிகலம் தொல்லை தந்தது. கொதிகலத்தின் அமைப்பையே மாற்றி, 1871இல் ராவியை இப்ஸ்விச்சிலிருந்து எடின்பரோ வரை சாலை வழியே ஓட்டிச் சென்று மீண்டும் ஓட்டி வந்தார். இங்கிலாந்தில் அப்போது இருந்த 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இத்தகைய வண்டி நாட்டுப்புறத்தில் மணிக்கு நான்கு மைலும் ஊர்களில் இரண்டு மைலுமே செல்லலாம். முன்னே ஓராள் செங்கொடி பிடித்து நடக்கவும் வேண்டும். நம் ஊர்த் தேரினும் சற்றே விரைவு எனலாம். அந்நாட்டில் விலங்கிடப்பட்ட வண்டிக்கு இந்நாட்டில் அத்தடை இல்லை. அடிமைநாட்டில் யந்திரத்திற்குக் கிடைத்த உரிமை இது!

இந்தியாவில் அவ்வண்டிகள் அரசாங்க நீராவித் தொடர் என்னும் பெயரால் பஞ்சாபில் பெருவழிச்சாலையில் ஓடின. ராவல்பிண்டிக்கும் ஜீலம் நகருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ எழுபது மைல் வழி அவற்றின் களமாயிற்று. அவ்வழியில் வேண்டும்போதெல்லாம் பழுது தீர்க்க இங்கிலாந்துத் தொழிற்சாலை வருமா? வழியில் முறிந்ததை வழியிலேயே செப்பம் செய்தாக வேண்டும். கிராம்ப்டனுடைய பட்டறைப் பயிற்சியின் அருமை இங்குத்தான் விளங்கிற்று. எனினும் ஒன்றை மறத்தல் ஆகாது. இத்தொடர்கள் ஏழை உழவனுடைய நெல்லைச் சுமப்பதற்காக ஏற்பட்டன அல்ல. ஆட்சியின் நலனையும் படையின் விரைவையும் கருதியே ஏற்பட்டன. செலவு மட்டும் இந்நாட்டு வருவாயினின்று சென்றது. கிராம்ப்டனுடைய திறமையைப் போற்றுவோர் இதனையும் உடன் எண்ணுதல் முறை.

1872 பிப்ரவரி 8ஆம் நாள் மேயோ பிரபு அந்தமான் தீவில் போர்ட் பிளேயரில் குத்திக் கொல்லப்பட்டார். ஆதரவாளரை இழந்த போதினும், கிராம்ப்டனுடைய தொடரை வீழ்த்தியது அக்கொலையன்று, இருப்புப்பாதையே. சாலையில் ஒரு சுமையை இழுக்க வேண்டும் வலிமையின் ஒரு சிறு பங்கே தண்டவாளத்தில் போதும். இரயில் நீண்டுகொண்டே வர, சாலைத் தொடர்க்கு வேலையற்றுப் போயிற்று. இதில் ஒரு வியப்பு உண்டு. கிராம்ப்டனை ஆதரித்த மேயோ பிரபுவின் ஆட்சியிலேதான் 1870இல் மீட்டர் கேஜ் என்னும் சிறு அகலப் பாதை இந்தியாவிற்கென முடிவு செய்யப்பட்டது. அம்முடிவின் பயனாகவே திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வழியாக 1903இல் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இரயில் வந்தது. 1904இல் ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து கொல்லத்துப் பாதையோடு இணைந்தது. அதுவரை இக்கணவாயில் சரக்கேற்றிச் சென்ற மாட்டுவண்டிகளின் கதியும் ராவல்பிண்டிச் சாலை வண்டிகளின் கதியும் ஒன்றே. அந்தச் சிறு அகலப் பாதையும் நிலைக்கவில்லை. 2012இல் திருநெல்வேலி தென்காசி வழியும், 2018இல் செங்கோட்டை புனலூர் வழியும் அகலப்பாதையாயின.

1875இல் படைத்தொழிலை விட்டு இங்கிலாந்து மீண்ட கிராம்ப்டன், செம்ஸ்போர்டு நகரத்தில் ஒரு யந்திரக் கம்பெனியிற் பங்கு கொண்டார். உறவினர் ஒருவருடைய இரும்பு வார்ப்பாலைக்குப் புதிய அமைப்பு வகுத்துக் கொடுக்க நேர்ந்தது. அவ்வாலை இரவும் பகலும் நடந்தாலன்றி இலாபம் இல்லை. இரவில் வார்ப்பு வேலைக்கு ஏற்ற வெளிச்சம் இல்லை. பாரிஸ் நகரத்திலிருந்து கிராம் என்பவருடைய மின்னாக்கிகளையும் வில்விளக்குகளையும் வரவழைத்தார். ஒளி வந்தது, அவர்தம் உள்ளமும் அதன்பாற் சென்றது. வந்த கருவிகளின் குறைகளைக் கண்டு, அவற்றினும் சிறந்தனவற்றைத் தாமே செய்யலாம் எனத் துணிந்து, 1878இல் தம் பெயராலேயே கம்பெனி தொடங்கினார்.

வார் எட்டாத இடத்திற்குக் கம்பி எட்டும் என்பதே இங்கு உய்த்துணர வேண்டுவது. வண்டியில் ஒரே யந்திரம். அதனோடு பிணைத்த ஒரு மின்னாக்கி. அதனின்று செல்லும் கம்பி நூறு கெஜத்திற்கு அப்பாலும் விளக்கேற்றும், பின்னாளில் கருவியையும் சுழற்றும். நடமாடும் நீராவி யந்திரத்தோடு மின்னாக்கியைப் பூட்டி, வேண்டிய இடத்திற்கு இழுத்துச் சென்று ஒளிதரும் அமைப்புகளைக் கிராம்ப்டன் செய்து விற்றார். இந்தியச் சாலையில் நின்றுபோன எண்ணம் வேறுருவில் மீண்டும் எழுந்தது. இதனைச் சிலர் தொழில் மாற்றம் என்பர். யான் அவ்வாறு கருதேன். நீராவியும் மின்சாரமும் அவர்க்கு வாகனங்களே. செல்ல விரும்பிய ஊர் ஒன்றே.

கம்பெனி வளர்ந்தது. மின்குமிழ் கண்ட ஸ்வானுடன் கூடி உழைத்தார். வியன்னா நகரத்து அரச நாடகசாலைக்கு மின்விளக்கு அமைத்தார். லண்டனில் கென்ஸிங்டன் கோர்ட் என்னும் பகுதிக்கு 1887 அளவில் மின்சாரம் வழங்கும் நிலையம் நிறுவினார். அங்கே அவர் கைக்கொண்டது நேர்மின்னோட்டம். பகலில் யந்திரம் ஓடும்போதே பாட்டரிகளில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, நள்ளிரவில் யந்திரத்தை நிறுத்திவிடலாம் என்பது அம்முறையின் சிறப்பு. சிறு யந்திரம் கொண்டு பெருந்தேவையை நிறைவு செய்யும் சிக்கனமும் அதில் உண்டு. ஆனால் தொலைதூரத்திற்கு அம்மின்சாரம் செல்லாது. செல்லின் பெரும்பகுதி கம்பியிலேயே வெப்பமாகிக் கழியும். பெரான்டி என்னும் இளைஞர் இதற்கு மாறாக, டெட்போர்டில் பெருநிலையம் அமைத்து, 10,000 வோல்ட் அழுத்தத்தில் மாறுமின்னோட்டத்தை லண்டனுக்கு அனுப்ப முனைந்தார். இருவருக்கும் நெடுவழக்கு நிகழ்ந்தது. முதலில் பெரான்டிக்கு இடையூறு பல நேர்ந்தன. முடிவில் உலகம் மாறுமின்னோட்டத்தையே மேற்கொண்டது. பாபநாசத்து அருவிநீர் 1944இல் மின்சாரமாகி ஊரூராகப் பரவியதும் அம்முறையாலேயே. கிராம்ப்டன் இரண்டாம் முறையும் பின்தங்கினார். இருப்பினும், கூரைமேற் பதித்த சூரிய ஒளித் தகடுகள் தருவதும் பாட்டரிகள் சேர்த்து வைப்பதும் நேர்மின்னோட்டமே அன்றோ? தோற்றது என்று ஒதுக்கிய பொருளை உலகம் மறுபடியும் எடுத்துக்கொள்வதும் உண்டு.

1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. மின்சாரத் தொழிலறிந்த தன்விருப்பப் படையொன்றுக்குத் தலைவராகி, ஐம்பத்தைந்து வயதில் கிராம்ப்டன் அங்குச் சென்றார். சாலையில் வண்டிகளை இழுத்துச் செல்லும் நீராவி யந்திரமே, நின்றவிடத்தில் மின்னாக்கியைச் சுழற்றித் தேடொளி விளக்கை எரித்தது. இழுப்பதும் அதுவே, ஒளிதருவதும் அதுவே. ராவல்பிண்டியிற் கற்றதும் செம்ஸ்போர்டிற் கற்றதும் இங்கு ஒன்றுகூடின. போர்க்களத்தில் அது நிகழ்ந்தமை வருந்தத்தக்கது. உலகில் நடமாடும் பட்டறைகளுக்கு மருத்துவமனையும் வயலும் அளித்த ஊக்கத்தினும் போர் அளித்த ஊக்கமே பெரிது. மீண்டு வந்தபின் கர்னல் கிராம்ப்டன் என்று அவரை யாவரும் அழைத்தனர்.

மூன்றாம் முறை முயன்றது முதல் உலகப் போரில். பள்ளம் மேடு கடந்து செல்லும் தரைக்கப்பலொன்றை உருவாக்க 1915இல் ஆங்கில அரசினர் ஒரு குழு அமைத்தனர். எழுபது வயதுக் கிழவராகிய கிராம்ப்டனை ஆலோசகராகக் கொண்டனர். அவர் வரைந்த அமைப்புகளை விட்டு வேறொருவர் அமைப்பையே முடிவில் மேற்கொண்டனர். அதுவே டாங்கி என்னும் போர்வண்டி ஆயிற்று. இது குறித்து மிகுத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அவர்தம் செயல்களுள் யான் பெரிதென மதிப்பது யந்திரமே அன்று. 1904இல் அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்தில் மின்சார அறிஞர் மாநாடு கூடிற்று. அங்கே கிராம்ப்டன் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு கம்பெனியும் தத்தமக்குத் தோன்றிய அளவிலும் பெயரிலும் பொருள்களைச் செய்துவருமாயின், ஒன்றின் உறுப்பு மற்றொன்றிற் பொருந்தாது. ஆகவே எல்லா நாடுகளும் கூடி அளவுகளை ஒழுங்கு செய்தல் வேண்டும் என்பது அதன் சாரம். 1906இல் லண்டனில் சர்வதேச மின்தொழில்நுட்பக் குழு ஏற்பட்டது. கெல்வின் பிரபு முதல் தலைவரானார். கிராம்ப்டன் முதற் செயலாளரானார். பாதிவழியில் பழுதுற்ற வண்டியருகே நின்று, கையிலுள்ள திருகாணி அதன் துளையிற் பொருந்தாமையால் இடருற்ற ஒருவர்க்கே இதன் அருமை நன்கு புலனாகும். எத்துணைக் கருவிகளை ஏற்றினும், பொருந்தாத உறுப்பைப் பொருத்த நடமாடும் பட்டறையால் இயலாது. பொதுவளவு ஏற்பட்டுவிட்டாலோ, எவ்வூர்க் கடையில் வாங்கிய உறுப்பும் எவ்வூர் யந்திரத்திற்கும் உதவும். செங்கோட்டைக் கணவாயின் காற்றால் சுழலும் காற்றாலைகள் வரை அக்குழு வகுத்த அளவுகள் செல்கின்றன.

1927இல் அவருடைய கம்பெனி பார்க்கின்ஸன் கம்பெனியோடு இணைந்தது. 1937இல் பம்பாயில் அதன் பெயரால் தொழிற்சாலை எழுந்தது. அக்கிளையே பின்னர்க் கிராம்ப்டன் கிரீவ்ஸ் எனப் பெயர்பெற்று, நம் வீட்டு விசிறிகளில் அப்பெயரைப் பொறித்தது. 1933இல், எண்பத்தெட்டு வயதில், ராயல் சொசைட்டி என்னும் அறிவியற் கழகம் கிராம்ப்டனைத் தன் உறுப்பினராக ஏற்றுப் பெருமைப்படுத்தியது. நெடுநாள் லண்டனில் வாழ்ந்த அவர், இறுதியில் தாம் பிறந்த யார்க்ஷயர் நாட்டிற்கே திரும்பி, அங்கே அசர்லி சேஸ் என்னும் மனையில் 1940ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் தொண்ணூற்று நான்காம் வயதில் உயிர்நீத்தார்.